1315-ஆம் ஆண்டின் மழையும் ஐரோப்பிய உழவரின் பசியும்: குற்றம் வானத்தினுடையது மட்டும்தானா?

மேழி (தொடக்கப் பதிவு)

இடைக்கால ஐரோப்பாவைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் ஒரே கதையை நான் பலமுறை படித்துவிட்டேன். ஏறத்தாழ 950 முதல் 1250 வரை தட்பவெப்பம் இதமாக இருந்தது; அதனால் விளைச்சல் பெருகியது, மக்கள்தொகையும் பெருகியது; பிறகு குளிர் வந்தது, மழை கொட்டியது, 1315-இல் பெரும்பஞ்சம் விழுந்தது. இந்தக் கதையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வானத்தில் நடப்பது நேராக மக்களின் வயிற்றில் வந்து இறங்கிவிடுவது போலவும், நடுவில் நிலம், விதை, பண்ணையார், தேவாலயம், மாவாலை என்று எதுவுமே இல்லாதது போலவும் அது சொல்லப்படுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

நடுவில் இருப்பதைப் பார்க்க இங்கிலாந்தில் ஓர் அருமையான வாய்ப்பு உண்டு. வின்செஸ்டர் ஆயரின் பண்ணைகளில் எவ்வளவு விதைத்தார்கள், எவ்வளவு அறுத்தார்கள், எவ்வளவு விற்றார்கள் என்ற கணக்கு, 1208-09 தொடங்கித் தோல் சுருள்களில் ஆண்டுதோறும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு செப்டம்பர் 29-ஆம் நாளும், அதாவது புனித மிக்கேல் திருநாளன்று, பழைய கணக்கை முடித்துப் புதிய கணக்கைத் தொடங்குவார்கள். அந்தச் சுருள்களின்படி கோதுமையின் சராசரி விளைச்சல், விதைத்ததைப் போல நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவு. இன்றைய வேளாண்மையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த எண்ணே நம்ப முடியாததாக இருக்கும்.

இந்த நான்கு மடங்கை ஓர் உழவரின் களத்தில் வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கிறேன். பத்து மூட்டை விதைத்தார், நாற்பது மூட்டை வந்தது என்று கொள்வோம். பத்தில் ஒரு பங்கு தேவாலயத்திற்குரியது. நான்கு மூட்டை போயிற்று. அடுத்த ஆண்டு விதைக்குப் பத்து மூட்டை எடுத்து வைக்க வேண்டும். மிஞ்சுவது இருபத்தாறு. குத்தகை, ஆலைக்கூலி, வீட்டுச் சாப்பாடு எல்லாம் அந்த இருபத்தாறுக்குள் அடங்க வேண்டும். 1315-இல் அதே பண்ணைகளில் விளைச்சல் இரண்டரை மடங்காகவும், 1316-இல் இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகவும் இறங்கியது. இப்போது இருபத்தைந்து மூட்டை அறுத்தால், தசமபாகம் இரண்டரை, விதை பத்து, மிஞ்சுவது பன்னிரண்டரை. மறு ஆண்டு இருபத்தொரு மூட்டைதான் என்றால் மிஞ்சுவது ஒன்பதுகூட இல்லை. விளைச்சல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தபோது, உண்பதற்கு இருந்தது மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

விதை மட்டும் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். விளைச்சல் எவ்வளவு குறைந்தாலும் அடுத்த ஆண்டிற்கு அதே பத்து மூட்டை வேண்டும். அதில் கைவைத்து உண்டவர்களுக்கு அடுத்த ஆண்டு அப்போதே போய்விட்டது. மழை செய்ததில் பாதியை இந்தக் கணக்கு செய்தது என்பதே என் எண்ணம். உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

களத்துமேடு

மேழி அவர்களின் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு எந்த மண்ணில் எழுதப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

மத்தியதரைக் கடலோரத்தில் பழங்காலம் முதல் இருந்த ஏர், மண்ணைக் கீறிக்கொண்டு போவது மட்டுமே. வறண்ட, இலேசான மண்ணுக்கு அது போதும். ஈரத்தைக் காக்கவும் உதவும். வட ஐரோப்பாவின் நிலமோ கனத்த களிமண். அதற்கென்று பரவியதுதான் கனத்த கலப்பை. முன்னால் மண்ணைச் செங்குத்தாக வெட்டும் ஒரு கத்தி, அதன் பின்னால் அடியில் அறுக்கும் கொழு, பக்கத்தில் மண்ணைப் புரட்டிப்போடும் பலகை என்று மூன்று உறுப்புகள் அதில் உண்டு. இழுக்க எட்டு எருதுகள் என்பது ஏட்டிலுள்ள கணக்கு. எந்தத் தனிக் குடியானவரிடமும் எட்டு எருதுகள் இருக்கவில்லை. நான்கைந்து வீட்டார் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ கொண்டுவந்து நுகத்தில் பூட்டினார்கள். ஊராகக் கூடி உழ வேண்டிய கட்டாயம் அந்தக் கலப்பையிலேயே இருந்தது என்று சொல்லலாம்.

வயலின் வடிவம்கூட அந்த எருதுகளால் வந்ததுதான். இத்தனை நீளமான ஏரை வயலின் கோடியில் திருப்புவது பெரும் தொல்லை. ஆகவே அடிக்கடி திருப்ப வேண்டாதபடி, ஏறத்தாழ இருநூறு மீட்டர் நீளமும் சிறிதளவே அகலமும் கொண்ட பட்டைகளாக நிலத்தைப் பிரித்தார்கள். ஃபர்லாங் என்ற அளவு ‘ஓர் உழவுசாலின் நீளம்’ என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. வயற்கோடி நெருங்கும்போதே முன்னேர் எருதுகளை ஒருபக்கமாகச் சாய்த்துத் திருப்பத் தொடங்கியாக வேண்டும் என்பதால், பட்டைகள் நேர்க்கோடாக இல்லாமல் இரு முனையிலும் மெல்ல வளைந்தன. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பிற்காலத்தில் மேய்ச்சலாக மாற்றப்பட்டுப் பிறகு உழப்படாமல் விடப்பட்ட புல்வெளிகளில், மாலை வெயில் சாய்வாக விழும்போது அந்த வளைந்த மேடுகளும் பள்ளங்களும் இன்றும் தெரிகின்றன.

அந்த மேடும் பள்ளமும் நீர் வடிவதற்கானவை. ஆகவே மழை அதிகமான நாட்டில் வாழ்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. சாதாரண ஈரத்தைச் சமாளிக்க வழி செய்தே இருந்தார்கள். மூன்று வயல் சுழற்சியும் அப்படிப்பட்ட ஓர் ஏற்பாடே. ஒரு வயலில் இலையுதிர்காலத்தில் கோதுமை அல்லது ரை என்ற குளிர் தாங்கும் தானியம் விதைத்து, மற்றொன்றில் வசந்தத்தில் பார்லி, ஓட்ஸ், பட்டாணி, அவரை விதைத்து, மூன்றாவதைத் தரிசாகப் போட்டு அதில் ஆட்டுக்கிடை அமர்த்தினார்கள். நிலத்தில் பாதியைத் தரிசாக விட்ட பழைய முறையோடு ஒப்பிட்டால் விளையும் பரப்பு கூடியது என்பதோடு, ஒரு விதைப்பு கெட்டாலும் மற்றொன்று காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் கிடைத்தது. 1315-இல் கோடை முழுவதும் மழை பெய்தது. அவ்வாண்டு இலையுதிர்கால விதைப்பும் சேற்றில் நடந்தது. 1316-இன் வசந்தமும் அப்படியே போனது. இரண்டு விதைப்பும் ஒருசேரக் கெடும் என்று அந்தச் சுழற்சியை வகுத்தவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். எருது உழவேண்டுமானால் குளிர்காலம் முழுவதும் அதற்கு வைக்கோலும் உலர்புல்லும் வேண்டும். புல்லை அறுத்து உலர்த்த ஜூன், ஜூலையில் சில வெயில் நாட்கள் இருந்தாக வேண்டும். அந்த வெயிலும் கிடைக்காததால் தீவனம் அழுகியது. மெலிந்த மாடுகள் ஏரில் பூட்டப்பட்டன. 1319-இல் கால்நடைக் கொள்ளைநோய் இங்கிலாந்தை எட்டி, ஓரிரு ஆண்டுகளில் நாட்டின் மாடுகளில் பாதிக்கும் மேலானவற்றைக் கொன்றது. தானியம் மீண்ட பிறகும் ஏர் இழுக்க மாடில்லை.

தூரவாசகன்

பயனுள்ள இழை. எனக்கு ஓர் எளிய ஐயம். ஓர் ஊரில் இல்லையென்றால் மற்றோர் ஊரிலிருந்து தானியத்தைக் கொண்டுவர முடியாதா? முந்தைய ஆண்டுகளின் இருப்பு எங்கே போயிற்று? மேலும் அந்த ஆண்டுகளில் உப்பு விலை ஏறியதாக ஓரிடத்தில் படித்தேன். மழைக்கும் உப்புக்கும் உள்ள தொடர்பையும் யாராவது விளக்கினால் நன்று.

மேழி

உப்பை முதலில் முடித்துவிடுகிறேன். பிரான்சின் மேற்குக் கடற்கரை உப்பளங்கள் வெயிலை நம்பியவை. வடக்கிலோ உப்புநீரைக் காய்ச்சி உப்பெடுத்தார்கள், அதற்கு உலர்ந்த விறகும், சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரிநிலக் கட்டிகளும் வேண்டும். இரண்டு வழியும் மழையில் அடைபட்டன. மீனும் இறைச்சியும் வெண்ணெயும் உப்பில்தான் குளிர்காலத்தைத் தாண்டும் என்பதால், உப்பு விலையேற்றம் என்பது இன்னொரு வகை உணவுப் பஞ்சமே.

இருப்பைப் பொறுத்தவரை, நான்கு மடங்கு விளைச்சலில் ஓராண்டுக்கு மேல் சேமிக்கக் குடியானவரிடம் மிச்சமில்லை. சேமிக்க முடிந்தவர்கள் பண்ணையார்களும் மடங்களும் வணிகர்களும். அவர்களில் பலர் விலை ஏறும்வரை காத்திருந்து விற்றார்கள். சாதாரண ஆண்டில் ஒரு குவார்ட்டர் (அக்காலத் தானிய அளவு) கோதுமை ஐந்து ஆறு ஷில்லிங்குக்குக் கிடைத்தது. பஞ்சத்தின் உச்சத்தில் அது 40 ஷில்லிங் வரை போனதாக அக்கால நாட்குறிப்புகள் கூறுகின்றன. இரண்டாம் எட்வர்டு 1315 ஆகஸ்டில் செயின்ட் ஆல்பன்ஸில் தங்கியபோது, அரசரின் பரிவாரத்துக்கே ரொட்டி கிடைப்பது அரிதாக இருந்தது. அதே கோடையில் ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியத்தை ஒட்டிய பகுதி) மீது படையெடுத்த பிரான்சின் பத்தாம் லூயி, சேற்றில் வண்டிகள் புதைந்ததால் போர் புரியாமலே திரும்ப நேர்ந்தது. சேற்றில் புதையும் வண்டியில் தானியத்தையும் தொலைவுக்குக் கொண்டுபோக முடியாது; ஆற்றிலும் கடலிலும் மட்டுமே அது மலிவாக நகர்ந்தது.

இங்கேதான் ஒரு சோடி நகரங்களைச் சொல்ல விரும்புகிறேன். ஃபிளாண்டர்ஸில் ஈப்ர, புரூஜ் இரண்டும் துணி நெசவால் செழித்தவை, ஒரே மழையில் நனைந்தவை. 1316 மே முதல் அக்டோபர் வரை நகரச் செலவில் அடக்கம் செய்யப்பட்ட பிணங்களின் எண்ணிக்கை இரண்டு நகரக் கணக்குகளிலும் உள்ளது. ஈப்ரவில் 2,794, புரூஜில் 1,938. புரூஜ் பெரிய நகரம் என்பதால் விகிதத்தில் வேறுபாடு இன்னும் அதிகம்; ஈப்ரவில் பத்தில் ஒருவர் இறந்தார் என்றால் புரூஜில் இருபதில் ஒருவர். காரணம், புரூஜுக்குக் கடல்வழி இருந்தது. மழை தீண்டாத தெற்கு நாடுகளிலிருந்து கப்பலில் தானியம் வரவழைத்து, நகர நிர்வாகமே ரொட்டிக்காரர்களுக்கு விலை வைத்துக் கொடுத்தது. நிலத்துக்குள் அடைபட்ட ஈப்ரவுக்கு அந்த வழி இல்லை. ஒரே வானம், ஒரே நெசவு. பிணக்கணக்கு மட்டும் வேறு.

உலைநீர்

பண்ணைக் கணக்கையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அடுப்பங்கரையையும் சற்று எட்டிப் பார்க்கலாம்.

இடைக்காலக் குடியானவர் வீட்டின் அன்றாட உணவு ரொட்டி என்று சொல்வதைவிடக் கூழ் என்று சொல்வதே பொருத்தம். நெருப்பின் மேல் ஒரு பானை. அதில் பார்லியோ ஓட்ஸோ, பட்டாணி, அவரை, வெங்காயம், முட்டைக்கோசு. கிடைத்த நாளில் ஒரு துண்டு உப்புக்கண்டம். ரொட்டிக்கும் சாதி உண்டு. சலித்த கோதுமை மாவின் வெள்ளை ரொட்டி பண்ணை மாளிகைக்கு. ஊராருக்குக் கோதுமையும் ரையும் ஒரே வயலில் கலந்து விதைத்து, கலந்தே அறுத்து, கலந்தே அரைத்த பழுப்பு ரொட்டி. இந்தக் கலப்பு விதைப்பு வறுமையின் அடையாளம் மட்டுமல்ல. கோதுமை கெட்டாலும் குளிர் தாங்கும் ரை கொஞ்சம் தேறும் என்ற முன்யோசனையும்கூட. அதற்கும் கீழே, குதிரைக்கென்று பட்டாணியிலும் அவரையிலும் செய்த ரொட்டி. தட்டுப்பாட்டில் மனிதரும் அதையே தின்றார்கள்.

மிகக் கொடிய மாதம் குளிர்காலத்தில் வருவதில்லை. வயலில் கதிர் நின்றுகொண்டிருக்க, வீட்டில் குதிர் காலியாக இருக்கும் ஜூலையில்தான் வரும். பொறுக்க முடியாதவர்கள் முற்றாத கதிரைக் கொய்து, அடுப்பில் உலர்த்தித் தின்றார்கள். அறுவடைக்குப் பின் சிந்திய கதிர் பொறுக்குவது ஏழைகளின் உரிமை என்று நாம் நினைக்கிறோம். ஆனால் பல ஊர்க்கட்டுப்பாடுகள், கூலிக்கு அறுக்கத் தெம்புள்ள எவரும் கதிர் பொறுக்கக் கூடாது, முதியவரும் சிறுவரும் நோயுற்றவரும் மட்டுமே பொறுக்கலாம் என்றன. இரக்கத்தைப் போலத் தோன்றும் அந்த விதி, அறுவடைக் காலத்தில் ஆள் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்ளும் விதியும் ஆகும்.

ஈரமான ஆண்டின் இன்னொரு பரிசு ரையில் வரும் பூஞ்சை. கதிரில் தானியம் இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த முள் போன்ற ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பொறுக்கி எறியாமல் அரைத்து உண்டால் கைகால் எரியும், கறுக்கும், சிலருக்கு விரல்கள் கழன்று விழும், மனமும் தடுமாறும். புனித அந்தோனியாரின் நெருப்பு என்று அதற்குப் பெயர். அந்த நோயாளிகளைக் காப்பதற்கென்றே 1095-ஐ ஒட்டிப் பிரான்சின் தென்கிழக்கில் ஒரு துறவியர் சபை தோன்றியது. பசித்த ஆண்டில் யார் அந்தக் கறுப்பு முள்ளைப் பொறுக்கி எறிவார்கள்?

பனிக்காலம்

எல்லோரும் வானத்தை விடுவித்துவிடும் ஆர்வத்தில் இருப்பதால் அதற்காக வாதாட ஒருவராவது வேண்டும் என்று எழுதுகிறேன்.

1315-ஐ மட்டும் பார்த்தால் கணக்கும் சந்தையும் பெரிதாகத் தெரியும். பரந்த காலத்தைப் பாருங்கள். 1257-இல் இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் சமலாஸ் எரிமலை வெடித்தது. மறு ஆண்டு இங்கிலாந்தில் விளைச்சல் பொய்த்து, இலண்டனில் பசியால் மக்கள் மடிந்ததைத் துறவி மத்தேயு பாரிஸ் எழுதி வைத்திருக்கிறார். எரிமலை எது என்று அறிவியலார் உறுதி செய்ததோ 2013-இல்தான். 1342 ஜூலையில் புனித மதலேன் மரியாள் திருநாளை ஒட்டிப் பெய்த மழையில் ஜெர்மனியின் மைன், ரைன் ஆறுகள் பாலங்களைப் பெயர்த்தன. மேட்டு வயல்களின் மேல்மண் ஒரே வாரத்தில் அரித்துப் போய்ப் பள்ளங்கள் விழுந்தன. அரித்துப்போன மண்ணுக்கு எந்தச் சந்தைச் சீர்திருத்தமும் மருந்தல்ல. 1362 ஜனவரியில் வடகடல் பொங்கி, இன்றைய ஜெர்மனியின் வடகடல் கரையிலுள்ள வட ஃபிரீசியாவின் ருங்ஹோல்ட் ஊரையே விழுங்கியது. தென்கிழக்கு ஸ்காட்லாந்தின் லாமர்முயர் குன்றுகளில், இதமான நூற்றாண்டுகளில் ஓட்ஸ் விளைந்த உயரமான வயல்கள் பின்னர் கைவிடப்பட்டன. கோடையின் வெப்பம் சிறிது குறைந்தாலும் அந்த உயரத்தில் கதிர் முற்றாது.

கிரீன்லாந்தையும் மறக்க வேண்டாம். ஏறத்தாழ 985-இல் ஸ்காண்டிநேவிய வழிவந்த நார்ஸ் மக்கள் குடியேறி மாடும் ஆடும் வளர்த்த அந்தக் குடியிருப்புகளைப் பற்றிய கடைசி எழுத்துச் சான்று, 1408-இல் ஹ்வால்சே தேவாலயத்தில் நடந்த ஒரு திருமணம். அதற்குப் பின் ஓசையில்லை.

மேழி

பனிக்காலம் அவர்களின் 1342 எடுத்துக்காட்டுக்கு என்னிடம் மறுமொழி இல்லை, அதை ஏற்கிறேன். மேல்மண் போன இடத்தில் என் மூட்டைக் கணக்கு நிற்காது. லாமர்முயர் குன்றுகளையும் ஏற்கிறேன். விளிம்பு நிலங்களில் வானமே நீதிபதி.

ஆனால் கிரீன்லாந்து அவ்வளவு எளிதல்ல. அங்கு அகழ்ந்தெடுத்த எலும்புகளைச் சோதித்ததில், காலம் செல்லச் செல்ல அவர்கள் மாட்டை விட்டுக் கடல்நாயையே அதிகம் உண்டது தெரிகிறது. குளிருக்கு அவர்கள் தங்களை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஐரோப்பாவுக்கு வால்ரஸ் தந்தம் விற்ற வணிகமும் நலிந்தது, நார்வேயிலிருந்து கப்பல் வருவதும் அருகியது. அதே போல், இங்கிலாந்தில் 1086-ஆம் ஆண்டு நிலக்கணக்கில் நாற்பதுக்கும் மேற்பட்ட திராட்சைத் தோட்டங்கள் இருந்து பிறகு குறைந்ததைக் குளிருக்குச் சான்றாகப் பலர் காட்டுகிறார்கள். ஆனால் இரண்டாம் ஹென்றி 1152-இல், தென்மேற்குப் பிரான்சின் அக்விடெய்ன் நாட்டு எலினோரை மணந்த பின், போர்தோ வழியாக நல்ல மதுவே கப்பலில் வந்து இறங்கியது. அதைக் குடித்துப் பழகியவர்கள் உள்ளூர்ப் புளிப்பை எதற்கு வளர்ப்பார்கள்?

என் பக்கத்தின் வலுவான சான்று வேறொன்று. 1347 முதல் 1351 வரையிலான கொள்ளைநோய் மக்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கொண்டுபோயிற்று. அதன் பின் தட்பவெப்பம் மேம்படவில்லை. பொதுவாகக் குளிர்ந்தே சென்றது. ஆனால் எஞ்சிய உழவர்கள் தங்கள் பாட்டன்மாரைவிட நன்றாக உண்டார்கள். ஆளுக்கு நிலம் கூடியது, கூலி ஏறியது, இறைச்சியும் பார்லி மதுவும் ஏழைகளின் மேசைக்கு வந்தன. கூலியைப் பழைய அளவிலேயே நிறுத்த 1351-இல் சட்டம் இயற்றும் அளவுக்குப் பண்ணையார்கள் பதறினார்கள். 1086-இல் ஏறத்தாழ 20 லட்சம் பேர் வாழ்ந்த இங்கிலாந்தில் 1300 வாக்கில் 45 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அந்த நெருக்கத்தின் மேல்தான் 1315-இன் மழை பெய்தது.

களத்துமேடு

மேழி அவர்களுக்கு ஒரு திருத்தம். உங்கள் கணக்கு கோதுமைக்கு உரியது. கோதுமையைக் குடியானவர் பெரும்பாலும் குத்தகைக்காக விற்றார்; அவர் உண்டது பார்லியும் ஓட்ஸும். வின்செஸ்டர் பண்ணைகளில் ஓட்ஸ் இரண்டரை மடங்கை எட்டுவதே அரிது. பத்து மூட்டை விதைத்து இருபத்தைந்து அறுத்தால், தசமபாகமும் விதையும் போகக் கையில் நிற்பது பன்னிரண்டரை. அதாவது கோதுமைக்குப் பஞ்ச ஆண்டில் வந்த நிலை, ஓட்ஸுக்கு நல்ல ஆண்டிலேயே இருந்தது.

மேழி

திருத்தத்துக்கு நன்றி; ஓட்ஸை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பண்ணை மேலாண்மை பற்றி எழுதிய ஹென்லி ஊர் வால்ட்டர், உழவுக்குக் குதிரையைவிட எருதே மேல் என்று வாதிட்டதன் பொருள் இப்போதுதான் விளங்குகிறது. குதிரை நாள்தோறும் ஓட்ஸ் தின்னும். கிழடானால் தோல் மட்டுமே மிஞ்சும். எருது வைக்கோலும் புல்லும் தின்னும். கிழடானால் அதையே கொழுக்க வைத்து உண்ணலாம். என் அட்டவணையில் பார்லிக்கும் ஓட்ஸுக்கும் தனித்தனி நிரல் சேர்த்து, குதிரைக்குப் போனதையும் கழித்து, வார இறுதியில் இங்கேயே இடுகிறேன்.